நடைக்கு வேலிடிட்டி ரெண்டு நாள்தான்: சர்க்கரையும் உங்க குடும்ப பட்ஜெட்டும்



வருமான வரி ரிட்டர்ன் போடற சீசன்ல எங்க ஆபீசுக்கு வர்ற பேப்பர் கட்டுல மாஸ்டர் ஹெல்த் செக்கப் பில் ஒண்ணு கட்டாயம் இருக்கும். "இதை 80டி-ல காட்டலாம்ல?"னு கேட்பாங்க. பழைய வரி முறையில இருந்தா தாராளமா காட்டலாம். ஆனா அந்த பில்லோட வந்த ரிப்போர்ட்ல சர்க்கரை எவ்வளவு இருந்துச்சுன்னு திருப்பிக் கேட்டா, பல பேருக்கு ஞாபகம் இருக்காது. "ஏதோ பார்டர்ல இருக்குன்னாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பேப்பரை எடுப்பாங்க.

அந்த 'பார்டர்' பத்தித்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்ல, ஆடிட்டர். எந்த மாத்திரை, எவ்வளவு டோஸ்னு சொல்ற தகுதி எனக்குக் கிடையாது. ஆனா ஒரு குடும்பத்தோட 20, 25 வருஷ வரவு செலவைப் போட்டுப் பார்க்கறது என் தொழில். அந்தக் கணக்குல எந்த ஃபண்டும், எந்த எஃப்டியும் தராத லாபத்தை ஒரு விஷயம் தருது. அதுக்கு டீமேட் அக்கவுண்ட் வேண்டாம். ஒரு ஜோடி செருப்பு, இல்லன்னா ஷூ இருந்தா போதும்.

முதல்ல உங்க எண் என்னன்னு பாருங்க

ரிப்போர்ட்ல எச்பிஏ1சி-னு ஒரு வரி இருக்கும். கடைசி ரெண்டு, மூணு மாசத்துல உங்க சர்க்கரை சராசரியா எப்படி இருந்துச்சுன்னு அது காட்டும். டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் ஸ்வீட் சாப்பிடாம இருந்து இதை ஏமாத்த முடியாது. பேங்க்ல ஒரு நாள் மட்டும் பேலன்ஸ் காட்டறதுக்கும், மூணு மாச ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்க்கறதுக்கும் உள்ள வித்தியாசம் இது.

5.7-க்குக் கீழே இருந்தா நார்மல். 5.7 முதல் 6.4 வரைக்கும் 'பார்டர்'. 6.5-உம் அதுக்கு மேலயும் சர்க்கரை நோய். வெறும் வயித்துல எடுக்கற டெஸ்ட்ல 100 முதல் 125 வரைக்கும் பார்டர், 126-ல இருந்து சர்க்கரை நோய். பொதுவா இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுத்தான் டாக்டர் உறுதி பண்ணுவார்.

2023-ல வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருக்குன்னும், 13.6 கோடிப் பேர் பார்டர்ல இருக்காங்கன்னும் மதிப்பிட்டுச்சு. தமிழ்நாட்டுக்கு அது சொன்ன எண் 14.4 சதவீதம். கிட்டத்தட்ட ஏழு பெரியவங்கள்ல ஒருத்தர். இந்த எண்கள்ல நான் பார்க்கறது பயத்தை இல்ல. நோய் வந்தவங்களை விட பார்டர்ல நிக்கறவங்க அதிகம். அதாவது கணக்கை இன்னும் திருத்த வாய்ப்பு இருக்கறவங்க அதிகம்.

பார்டரைத் தாண்டினா எவ்வளவு செலவு?

மாத்திரை, டாக்டர் ஃபீஸ், மூணு மாசத்துக்கு ஒரு தடவை லேப் டெஸ்ட், எல்லாம் சேர்த்து மாசம் 2,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். இது என்னோட அனுமானம்தான். உங்க வீட்டுல ஏற்கெனவே யாருக்காவது இருந்தா அந்த பில்லை எடுத்து வெச்சு உங்க எண்ணைப் போட்டுக்குங்க.

வருஷத்துக்கு 24,000. மருத்துவச் செலவு வருஷம் 8 சதவீதம் ஏறுதுன்னு எடுத்துக்கிட்டா, 25 வருஷத்துல மொத்தம் சுமார் 17.5 லட்சம். உங்க பணமும் வரி போக அதே 8 சதவீதம் வளருதுன்னு வெச்சாக்கூட, இந்தச் செலவுக்காக மட்டும் இன்னைக்கே 6 லட்சம் ரூபாயைத் தனியா எடுத்து வைக்கணும். 40 வயசுல இருக்கற ஒருத்தர், வீட்டுக் கடனும் பிள்ளைங்க படிப்பும் ஒண்ணா நிக்கற நேரத்துல, இந்த 6 லட்சத்தை எங்கே இருந்து எடுப்பார்?

இதுல கண்ணு, பாதம், கிட்னி, இதயம்னு வரக்கூடிய பின்விளைவுகளை நான் சேர்க்கவே இல்ல.

வரிச் சட்டத்துல ஒரு விஷயம் பாருங்க. குறிப்பிட்ட சில நோய்களோட சிகிச்சைச் செலவுக்குக் கழிவு தர்ற பிரிவு 80டிடிபி. அந்தப் பட்டியல்ல சர்க்கரை நோய் கிடையாது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இருக்கு. அதாவது 20 வருஷம் நீங்க மாத்திரை வாங்கினப்ப அந்தப் பிரிவுல ஒரு ரூபாய் கழிக்க முடியாது. அது கிட்னியை முடிச்சு, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை டயாலிசிஸ் போற நிலைமை வந்தப்புறம்தான் அந்தக் கதவு திறக்கும். அந்தச் சலுகையை உங்கள்ல யாரும் க்ளெய்ம் பண்ற நிலைமை வரக்கூடாதுன்னுதான் இதை எழுதறேன்.

தசைங்கறது ஒரு குடோன்

நாம சாப்பிடற சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் குளுக்கோஸா மாறி ரத்தத்துல சேருது. அந்தச் சரக்கை வாங்கி வைக்கற பெரிய குடோன் நம்ம தசை. குடோனோட முன்வாசல் சாவி இன்சுலின். டைப் 2 சர்க்கரைல என்ன ஆகுதுன்னா, சாவி இருந்தும் பூட்டு சரியாத் திறக்கறதில்ல. சரக்கு ரோட்டுலயே, அதாவது ரத்தத்துலயே தேங்குது. கொஞ்ச வருஷம் போனா சாவி தயாரிக்கற கணையமும் களைச்சுப் போயிடுது.

இந்த குடோனுக்கு ஒரு பின்வாசல் இருக்கு. தசை வேலை செய்யும்போது, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே குளுட்-4-னு ஒரு புரதம் செல்லோட மேல்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்குது. இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்களுக்கும் இந்தப் பின்வாசல் திறக்கும். உடம்புலேயே பெரிய தசைகள் தொடையிலயும் இடுப்புலயும்தான் இருக்கு. அதனாலதான் டாக்டருங்க எல்லாரும் "நடங்க, நடங்க"ன்னு சொல்றாங்க.

நடந்து முடிச்சப்புறமும் பலன் கொஞ்ச நேரம் நீடிக்குது. முன்வாசல் பூட்டும் கொஞ்சம் இளகி, இன்சுலின் முன்னை விட நல்லா வேலை செய்யுது. ஆனா இது சுமார் 24 முதல் 72 மணி நேரம் வரைக்கும்தான்.

இங்கேதான் நிறைய பேர் தப்பாக் கணக்குப் போடறாங்க. நடையை லம்ப்சம் முதலீடு மாதிரி நினைக்கறாங்க. ஞாயித்துக்கிழமை காலைல பீச்ல 10 கிலோமீட்டர் நடந்துட்டு, திங்கள்ல இருந்து சனி வரைக்கும் சேர்ல உட்கார்ந்தே இருக்கறது. ஜனவரில ஜிம்முக்கு ஒரு வருஷச் சந்தா கட்டிட்டு பிப்ரவரில நிறுத்திடறது. நடை அப்படி சேர்த்து வைக்கற சரக்கு இல்ல. அது பிரீபெய்டு ரீசார்ஜ். வேலிடிட்டி ரெண்டு நாள். ஞாயித்துக்கிழமை போட்ட ரீசார்ஜ் புதன்கிழமைக்குக் காலி.

அமெரிக்க நீரிழிவு சங்கத்தோட பரிந்துரையும் இதேதான்: வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம், குறைஞ்சது மூணு நாளாப் பிரிச்சு, தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல இடைவெளி விடாம. ஒரு வாரத்துக்கு 10,080 நிமிஷம். அதுல 150 நிமிஷம்னா ஒண்ணரை சதவீதம். நம்ம மியூச்சுவல் ஃபண்ட்ல எக்ஸ்பென்ஸ் ரேஷியோ அதைவிட அதிகமாப் போனா கூட சில பேர் கண்டுக்கறதில்ல.

எப்போ நடந்தா லாபம் ஜாஸ்தி?

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துல 41 டைப் 2 சர்க்கரை நோயாளிங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணி, 2016-ல வெளியிட்டாங்க. ஒரு கட்டத்துல தினம் 30 நிமிஷம், எப்போ வேணா நடக்கலாம். இன்னொரு கட்டத்துல மூணு வேளைச் சாப்பாட்டுக்கு அப்புறமும் 10, 10 நிமிஷம். ரெண்டுலயும் மொத்தம் அதே 30 நிமிஷம்தான். ஆனா சாப்பிட்டப்புறம் நடந்தப்ப, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியா 12 சதவீதம் குறைவா இருந்துச்சு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் பார்த்தா வித்தியாசம் 22 சதவீதம்.

காரணம் புரியறதுக்கு டாக்டரா இருக்க வேண்டியதில்ல. சரக்கு லாரி வந்து நிக்கற நேரத்துல குடோனைத் திறந்து வைக்கறோம், அவ்வளவுதான்.

நம்ம வீட்டு வழக்கத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்க. ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு நாலு தோசை. அதோட நேரா சோபா, கையில போன், அப்புறம் தூக்கம். நாள் முழுக்க உள்ளே போற மாவுச்சத்துல ஒரு பெரிய பங்கு நாம கொஞ்சமும் அசையாத நேரத்துல போகுது. நடக்கறதுக்கு ஒரே ஒரு 10 நிமிஷம்தான் கிடைக்கும்னா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருக்கற 10 நிமிஷத்தை எடுத்துக்குங்க.

"ராத்திரில தெருவுல நாய் தொல்லை", "எங்க ஏரியாவுல லைட்டே இல்ல", "பொம்பளைங்க தனியா எப்படிப் போறது?" எல்லாமே நியாயமான கேள்விதான். தெருவுலதான் நடக்கணும்னு தசைக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. மொட்டை மாடி, அபார்ட்மெண்ட் பார்க்கிங், வீட்டு ஹால், மாடிப்படி எதுவா இருந்தாலும் சரி. பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் வேகநடை. பகல்ல ஆபீஸ்லயோ கடையிலயோ உட்கார்ந்தே வேலை பார்க்கறவங்க அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு, மூணு நிமிஷம் நடக்கணும். போன் வந்தா எழுந்து நின்னு பேசறதே நல்ல ஆரம்பம்.

சென்னை போட்ட கணக்கு

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க உடம்புக்கு, நமக்குப் பரம்பரை, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்றவங்களுக்கு நம்ம சென்னையிலயே பதில் இருக்கு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வோட முடிவு 2006-ல வெளியாச்சு. பார்டர்ல இருந்த 531 பேரை நாலு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு வாழ்க்கைமுறை மாற்றம்: தினம் அரை மணி நேரமாவது வேகநடை, சாப்பாட்டுல சர்க்கரையும் மைதா மாதிரி ஐட்டங்களும் கொழுப்பும் குறைக்கறது. மூணாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நாலாவதுக்கு ரெண்டும் சேர்த்து.

மூணு வருஷத்துல முதல் குழுவுல 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்துடுச்சு. வாழ்க்கைமுறை மாத்தின குழுவுல 39.3 சதவீதம். ஆபத்து 28.5 சதவீதம் குறைஞ்சிருக்கு. மாத்திரைக் குழுவுல குறைஞ்சது 26.4 சதவீதம். ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தும் பெருசா கூடுதல் பலன் வரல. இன்னொண்ணு, உடம்பு எடை பெருசா குறையாமலேயே இந்தப் பலன் கிடைச்சது. "ரெண்டு மாசம் நடந்தேன், ஒரு கிலோ கூடக் குறையல, விட்டுட்டேன்"னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும். எடை மெஷின் காட்டாத லாபம் ரத்தத்துல வரவு ஆகிட்டிருக்கும்.

அதே ஆய்வுக்குச் செலவுக் கணக்கும் போட்டாங்க. வாழ்க்கைமுறை மாற்றத்தால ஒருத்தருக்கு நோய் வராம தடுக்க, அன்னைக்கு விலைவாசியில ஆன மருத்துவச் செலவு சுமார் 47,000 ரூபாய். மேல நாம போட்ட 6 லட்சத்துக்குப் பக்கத்துல இதை எழுதி வெச்சுப் பாருங்க. விலைவாசி ஏறினதைக் கணக்குல எடுத்தாலும் எது லாபம்னு விளங்கும்.

ஒரு ஆடிட்டரா இதோட மறுபக்கத்தையும் சொல்லணும். நடந்த குழுவுலயும் 39.3 சதவீதம் பேருக்கு நோய் வந்துச்சு. 100 பேர் நடந்தா சுமார் 16 பேர் தப்பிச்சாங்க. இது ரிஸ்க்கைக் குறைக்கும், கேரண்டி தராது. ஆனா ஆறு, ஏழு பேர்ல ஒருத்தரைக் காப்பாத்தற, சந்தா இல்லாத திட்டம் வேற எது இருக்கு?

ஏற்கெனவே சர்க்கரை இருந்தா?

உங்களுக்கும் பலன் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல வெளியான ஒரு அலசல்ல, முறைப்படி உடற்பயிற்சி செஞ்ச டைப் 2 நோயாளிங்களோட எச்பிஏ1சி சராசரியா 0.67 குறைஞ்சது. வாரம் 150 நிமிஷத்துக்கு மேல செஞ்சவங்களுக்கு 0.89. அதுக்குக் கீழே செஞ்சவங்களுக்கு 0.36.

நடையோட சேர்த்து வாரத்துக்கு ரெண்டு, மூணு நாள் தசைக்கு வலுக் கொடுக்கற பயிற்சியும் வேணும். குடோன் பெருசானா சரக்கு அதிகம் பிடிக்கும். டம்பெல் வாங்கணும்னு அவசியம் இல்ல. சேர்ல இருந்து கையை ஊணாம 10 தடவை எழுந்து உட்காருங்க. செவுத்துல கை வெச்சுத் தள்ளுங்க. முட்டி நல்லா இருந்தா பிள்ளையாருக்குப் போடற தோப்புக்கரணமே போதும்.

ஆனா இந்த எச்சரிக்கைகளைத் தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க:

- இன்சுலின் போடறவங்களுக்கும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கறவங்களுக்கும் நடக்கும்போது சர்க்கரை ரொம்ப இறங்கலாம். 70-க்குக் கீழே போனா லோ சுகர். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தா உடனே நின்னு குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிடணும். பாக்கெட்ல எப்பவும் வெச்சிருங்க. கிளம்பறதுக்கு முன்னாடி 90-க்குக் கீழே இருந்தா என்ன சாப்பிடணும்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க.
- வெறுங்காலோட நடக்காதீங்க. பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா முள் குத்தினது கூடத் தெரியாது. தினம் ராத்திரி பாதத்தைப் பாருங்க.
- நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, கண்ணுல விழித்திரைப் பிரச்சினை இருந்தா டாக்டரைப் பார்க்காம ஆரம்பிக்காதீங்க.
- எண் குறையுதுன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. குறைக்கறது டாக்டரோட முடிவு.

இனி என் டிபார்ட்மெண்ட்: இன்சூரன்ஸும் வரியும்

ஒண்ணு. குடும்பத்துக்கு ஹெல்த் பாலிசி இல்லன்னா, உங்க எண் நார்மலா இருக்கும்போதே எடுத்துடுங்க. சர்க்கரை நோய் வந்தப்புறம் எடுத்தா, ஏற்கெனவே இருக்கற நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூணு வருஷம் வரைக்கும் இருக்கலாம். 2024-ல ஐஆர்டிஏஐ இதை நாலு வருஷத்துல இருந்து மூணா குறைச்சது. பிரீமியமும் கூடலாம். டெர்ம் பாலிசிக்கும் எச்பிஏ1சி டெஸ்ட் கேட்கறது வழக்கம்.

ரெண்டு. இருக்கறதை மறைச்சு பாலிசி எடுக்காதீங்க. தொடர்ந்து அஞ்சு வருஷம் பிரீமியம் கட்டினா, மோசடின்னு நிரூபிச்சால் ஒழிய, மறைச்சதைச் சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாதுன்னு விதி இருக்கு. ஆனா அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள ஆஸ்பத்திரியில படுத்தா? ஒரு வரி உண்மையைச் சொல்லியிருந்தா கிடைச்சிருக்க வேண்டிய பணம் போயிடும்.

மூணு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 18 சதவீதம் மிச்சம்.

நாலு. பழைய வரி முறையில 80டி-ல உங்க குடும்பத்துக்கு 25,000 வரைக்கும், 60 வயசு தாண்டின பெற்றோருக்கு 50,000 வரைக்கும் கழிக்கலாம். பாலிசி இல்லாத மூத்த குடிமக்களா இருந்தா, அந்த 50,000-க்குள்ள அவங்க மருந்துச் செலவையே காட்டலாம். ரொக்கமா கொடுக்காம பேங்க் மூலமா கட்டியிருக்கணும். செக்கப்புக்கான 5,000 இந்த வரம்புக்குள்ள அடக்கம், அதை மட்டும் ரொக்கமாக் கட்டியிருந்தாலும் சரி. புது வரி முறையில இந்தக் கழிவு எதுவும் இல்ல. 2025-ல வந்த புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்கள் மாறுது, அதனால எண்ணை மட்டும் பார்த்துக் குழம்பிக்காதீங்க.

அஞ்சு. கையில பணம் இல்லன்னு டெஸ்டைத் தள்ளிப் போடாதீங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கரை டெஸ்டும் மாத்திரையும் இலவசம். 2021-ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல சர்க்கரை, பிபி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கறாங்க.

12 வார லெட்ஜர்

ஒரு பழைய டைரி எடுங்க. முதல் பக்கத்துல இன்னைய தேதியும் உங்க எச்பிஏ1சி எண்ணும் எழுதுங்க. அப்புறம் தினம் ஒரே ஒரு எண்: எத்தனை நிமிஷம் நடந்தேன்? முதல் ரெண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் 10 நிமிஷம் மட்டும். மூணாவது வாரத்துல இருந்து மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் 10 நிமிஷம். ஆறாவது வாரத்துல காலைலயும் சேர்த்துக்குங்க, கூடவே வாரத்துக்கு ரெண்டு நாள் தசைப் பயிற்சி. ஒரு நாள் விட்டுப் போனா பரவாயில்ல. ரெண்டு நாள் தொடர்ந்து பூஜ்யம் விழுந்தா, மூணாவது நாள் மழையோ கல்யாண வீடோ, எப்படியாவது 10 நிமிஷத்தைப் போட்டுடுங்க.

12 வாரம் முடிஞ்சதும் எச்பிஏ1சி டெஸ்டைத் திரும்ப எடுங்க. எண் இறங்கியிருந்தா சந்தோஷம், தொடருங்க. இறங்கலன்னா டைரியையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க. நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுத்துல இருந்தா அவருக்கும் முடிவெடுக்கறது சுலபம்.

அந்த 25 வருஷக் கணக்கை உங்க எண்ணைப் போட்டுப் பார்க்கற மாதிரி ஷீட்டா இந்த வார வீடியோல காட்டியிருக்கேன். பாருங்க. ஆனா ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டு உட்கார்ந்துக்கிட்டே பார்க்காதீங்க. போனைக் கையில வெச்சு ஹால்ல நடந்துக்கிட்டே கேளுங்க. முதல் நாள் கணக்கு அங்கேயே வரவு ஆகிடும்.